இருக்கும் வழி தெரியாமற்போவது ஏன்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த அவையைப் பார்க்கும்போது எமக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டாகின்றது. மண்வெட்டி பிடிக்கும் கையும் பேனா பிடிக்கும் கையும் இங்கே அருகருகே இருக்கின்றன. வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஒரு புறம். தோட்டமும் வயலும் செய்யும் கமக்காரர் மறு புறம். தொழில் வேறாயினும் இரு சாராரையும் ஒரே விதமாகக் கட்டிப்போடும் ஒன்றைப்பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். அது அரசாங்கத்தின் சட்டமன்று, பொய்த்துப்போகும் மழையுமன்று. நமது நெஞ்சுக்குள்ளே எழும் அச்சம், சினம், சோர்வு என்னும் மூன்றுமே அது.

இவற்றை ஒழுக்கக் குறைகள் என்று கண்டிக்க நாம் இங்கு வரவில்லை. அச்சமே இல்லாதவன் பாம்பை மிதிப்பான். சினமே இல்லாதவனைப் பிறர் மிதிப்பர். இழப்புக்கு வருந்தாதவன் எதன்மீதும் அன்பு வைக்காதவன். ஆகவே இவ்வுணர்ச்சிகள் மனிதனுக்குக் காவலாக அமைந்தவை. ஆனால் காவற்காரனே வீட்டுக்காரனை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? அதுவே நமது கேள்வி.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். துன்பம் வரும்போது மனிதன் இரண்டு இழப்புகளுக்கு ஆளாகிறான். பணமும் பயிரும் உத்தியோகமும் உறவும் போவது முதலாவது இழப்பு. எஞ்சியிருக்கும் வழிகளும் கண்ணுக்குத் தெரியாமற்போவது இரண்டாவது இழப்பு. முதலாவதைத் தடுப்பது எப்போதும் நம்மால் ஆகக்கூடியதன்று. இரண்டாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். தடுக்க முடியாதவிடத்தும் மீட்கலாம். இதற்குச் சான்றுகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மரியந்தால் என்னும் ஊர்

ஒஸ்திரியா நாட்டில், தலைநகரான வியன்னாவுக்கு அண்மையில், மரியந்தால் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர் முழுவதும் ஒரேயொரு ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய காலத்தில், 1929ஆம் ஆண்டுக்கும் 1930ஆம் ஆண்டுக்கும் இடையில், அவ்வாலை மூடப்பட்டது. மரி யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹன்ஸ் சைசல் என்போர் தம் குழுவினருடன் அவ்வூருக்குச் சென்று மக்களின் வாழ்வை நுணுக்கமாக ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர்.

வேலை போனபடியால் மக்களுக்கு நேரம் மிகுந்தது. நேரம் மிகுந்தால் நூல்நிலையத்திற் கூட்டம் பெருகுமென்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது மறுதலை. இரவல் கட்டணத்தை நீக்கிய பின்னரும், எடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஏறத்தாழ அரைவாசியாக விழுந்தது. ஆராய்ச்சியாளர் கையிற் கடிகாரத்துடன் இருந்து, வீதியிற் போவோர் நடக்கும் வேகத்தையும் அளந்தனர். செல்வதற்கு ஓர் இடமும் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாத ஆண்கள் மெதுவாக நடந்தனர், இடையிடையே நின்றனர். வேலையில்லாத வீட்டிலும் சமையலும் துவையலும் பிள்ளைகளும் ஓய்வதில்லையல்லவா? அவற்றைச் சுமந்த பெண்கள் விரைந்து நடந்தனர்.

இவற்றினும் நெஞ்சைத் தொடுவது பிள்ளைகளின் கதை. நத்தார்ப் பண்டிகைக்கு என்ன பரிசு வேண்டுமென்று அவ்வூர்ப் பிள்ளைகளையும் அயலூர்ப் பிள்ளைகளையும் எழுதச் சொன்னார்கள். மரியந்தாற் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் பெறுமதி, அயலூர்ப் பிள்ளைகள் கேட்டவற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. அதையும் அவர்கள் நேராகக் கேட்கவில்லை. பெற்றோருக்கு வேலை இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்போம் என்ற பாங்கில் எழுதினார்கள்.

அன்பர்களே! ஆசைப்படுவதற்குக் காசு வேண்டுமா? காகிதத்தில் எழுதுவதற்கு வரி உண்டா? இருந்தும் அக்குழந்தைகளின் ஆசையே சுருங்கிவிட்டது. ஆலை மூடப்பட்டது முதலாவது இழப்பு. ஆசை சுருங்கியது இரண்டாவது இழப்பு. அவ்வூர்க் குடும்பங்களிற் பெரும்பாலானவை கொந்தளித்து எழவுமில்லை. முற்றாகச் சிதைந்து போகவுமில்லை. எதிர்பார்ப்பைக் குறைத்து, நாளைக்கு என்ற சொல்லை மறந்து, அன்றன்றைப் பொழுதைக் கழித்தன.

இதனை எங்கோ நடந்த கதையென்று நாம் தள்ளிவிட முடியாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்திலே தடை விலக்கப்பட்டபோது பெரும்போகத்தின் காலம் கடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி. எரிபொருள் வரிசையில் நின்ற கமக்காரர்களை நாம் கண்டோம். மண்ணெண்ணெய் கிடையாமல் நீரிறைக்கும் இயந்திரங்கள் கிணற்றடியிற் கிடந்ததையும் கண்டோம். அந்த நட்டத்தை எந்தக் கமக்காரனும் தன் மனத்தினால் உண்டாக்கிக்கொள்ளவில்லை. அது வெளியிலிருந்து வந்தது. ஆனால் நெருக்கடி தணிந்த பின்னரும், "இனிக் கமஞ் செய்து பயனில்லை, என்ன செய்தாலும் இப்படித்தான்" என்ற சொல் பலர் வாயில் நிலைத்து நின்றதே, அதுதான் இரண்டாவது இழப்பு. உரம் திரும்பிவந்தது, ஊக்கம் உடனே திரும்பிவரவில்லை.

ஒரு சோதனையும் அதன் திருத்தமும்

என்ன செய்தாலும் இப்படித்தான் என்னும் இவ்வெண்ணத்தை மனோதத்துவ அறிஞர்கள் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1967ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களைக்கொண்டு ஒரு சோதனை செய்தனர். அதன் கொடுமை இன்று பலரை முகஞ்சுளிக்க வைக்கும். ஆயினும் அது காட்டிய உண்மை பெரிது.

சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. ஆனால் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அவ்வதிர்ச்சி நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சி; ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்காது. பின்னர் இரு சாராரையும், நடுவே குட்டைத் தடுப்பொன்று உள்ள பெட்டியில் விட்டனர். தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முதலாம் சாரார் தாண்டின. இரண்டாம் சாராரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாய்கள் தாண்டவில்லை. வழி திறந்திருந்தும் படுத்துக்கிடந்து துன்பத்தை ஏற்றன.

இரு கூட்டமும் பட்ட வேதனை ஒரே அளவு. வேறுபாடு வேதனையிலன்று, தன் செயலுக்குப் பலன் உண்டு என்று அறிந்ததிலும் அறியாததிலுமே.

இக்கதையை அறிந்தோர் பலர். இதன் பிற்பகுதியை அறிந்தோர் சிலர். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், அவ்விருவருமே தம் பழைய விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினர். நாய்கள் தம் இயலாமையைக் கற்றுக்கொண்டன என்பது முன்னைய விளக்கம். மூளையைப்பற்றிய பிற்கால ஆராய்ச்சி காட்டியது வேறு. நீண்ட துன்பத்தின் முன் சோர்ந்து கிடப்பது உயிர்களின் இயல்பான முதல் நிலை, அதனைக் கற்கவேண்டியதில்லை. என் செயலால் ஒன்று மாறும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. அதைக் கற்ற மூளை சோர்வை அடக்கிவைக்கிறது.

இத்திருத்தம் நமக்கு எவ்வளவு முக்கியமென்று எண்ணிப்பாருங்கள். சோர்ந்து கிடப்பவனைப் பார்த்து, "இவன் ஏன் இப்படிக் கெட்டுப்போனான்?" என்று கேட்பது பிழையான கேள்வியாகிறது. தன் கை பலன் தரும் என்பதைக் கற்றுக்கொள்ள இவனுக்கு எங்கே வாய்ப்புக் கிடைத்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. படுத்துக்கிடந்த அந்த நாய்களை எழுப்பியது எது தெரியுமா? உணவைக் காட்டி அழைத்ததன்று. வேறு நாய்கள் தாண்டுவதைக் காட்டியதுமன்று. கழுத்திற் கயிறு கட்டி, மறுபுறத்துக்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் சென்றார்கள். பல முறை அவ்வாறு தாண்டிய பின்னரே அவை தாமாகத் தாண்டின. வெறும் புத்திமதியால் நம்பிக்கை வருவதில்லை. செய்து பார்த்து, பலன் கண்டு, மீண்டும் செய்வதால் வருகிறது. முதல் சில அடிகளுக்கு இன்னொருவரின் கையும் வேண்டியிருக்கிறது.

சினமும் அச்சமும் போடும் கணக்கு

சோர்வு வழியே இல்லை என்கிறது. சினமோ ஒரேயொரு வழிதான் உண்டு என்கிறது; அவ்வழி வெற்றி தருவது நிச்சயம் என்றும் சொல்கிறது. 2001ஆம் ஆண்டில் ஜெனிபர் லேர்னர், டேச்சர் கெல்ட்னர் என்ற அமெரிக்க அறிஞர்கள் இதனை எடுத்துக்காட்டினர். அஞ்சுபவர் ஆபத்தை மிகுத்து மதிப்பிட்டனர். சினங்கொண்டவர் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டனர். இவ்விடயத்தில் அவர்களது கணக்கு மகிழ்ச்சியாயிருப்பவர் போடும் கணக்கையே ஒத்திருந்தது.

இதற்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வேலிகளே போதும். அயலவன் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எத்தனை வழிகள் இருக்கின்றன? நேரிற் போய்ப் பேசலாம். ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துப் பேசலாம். நில அளவையாளரை அழைத்து, உறுதியிலுள்ளபடி எல்லையை அளப்பிக்கலாம். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். இவை ஒன்றும் சரிவராவிடில் நீதிமன்றம் இருக்கிறது. அது குடிமகனின் உரிமை. அதனை நாம் பழிக்கவில்லை.

சினங்கொண்டவனின் கண்ணுக்கோ இவ்வைந்தில் நான்கு தெரிவதில்லை. ஐந்தாவது ஒன்றே தெரிகிறது. அதிலே தான் வெல்வது சூரியன் உதிப்பதைப்போல நிச்சயமென்றும் தோன்றுகிறது. ஒரு முழ நிலத்துக்காக ஒரு பரப்பை ஈடுவைக்கிறான். வழக்கு முடியும்போது, பேசித் தீர்க்கக்கூடிய இரு கிழவரும் இறந்துபோய், பிள்ளைகள் முகங்கொடுத்துப் பேசாத இரு வீடுகள் மிஞ்சுகின்றன. இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளுக்கு இதனை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. அவர்களுடைய அலுமாரிகளில் அடுக்கியிருக்கும் கட்டுகளே இதற்குச் சாட்சி.

அச்சத்தின் கணக்கு வேறு விதமானது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைத் திறவாமலே மேசைக்குள் வைக்கும் உத்தியோகத்தரைப் பாருங்கள். திறந்தால் தவணை கேட்க ஒரு வாரம் இருந்திருக்கும். திறவாதபடியால் அந்த வாரமும் போய்விடுகிறது. மார்பிலே கட்டி தென்பட்டும், வைத்தியர் என்ன சொல்வாரோ என்று அஞ்சி நாட்கடத்தும் தாயைப் பாருங்கள். விலை விழுந்துவிடும் என்ற பேச்சைக் கேட்டதும், தோட்டத்தில் நிற்கும் வெங்காயத்தைச் சொன்ன விலைக்கு வியாபாரியிடம் விட்டுவிடும் கமக்காரனைப் பாருங்கள். மூவரும் ஆபத்திலிருந்து ஓடுவதாக நினைக்கின்றனர். ஆபத்து வரும் திசையிலேயே அவர்கள் ஓடுகிறார்கள்.

கடன் தின்னும் புத்தி

உணர்ச்சி மட்டுமன்று, ஓயாத கவலையும் அறிவைத் தின்கிறது. இதனைத் தமிழ்க் கமக்காரரிடமே ஆராய்ந்து அறிந்திருக்கின்றனர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர், தமிழ்நாட்டிலே 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்புக் கமக்காரரைச் சோதித்து, முடிவை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கரும்பு வெட்டுவதற்கு முன் கையிற் பணமில்லை. நகை அடைவு கடையில். கடன் தலைக்கு மேல். வெட்டிய பின் பணம் வந்துவிடுகிறது. அதே மனிதரை இவ்விரு காலத்திலும் சிந்தனைத் திறனுக்கான சோதனைகளுக்கு உட்படுத்தினர். அறுவடைக்கு முன் பெற்ற புள்ளிகள் குறைவு. பின் பெற்றவை கூடுதல். இம்முடிவைப்பற்றிப் பிற அறிஞர்கள் ஐயங்களும் எழுப்பியிருக்கின்றனர். ஆனாலும் கடன்பட்ட எவருக்கும் அதன் சாரம் புதிதன்று.

மனிதன் ஒருவனே, மூளையும் ஒன்றே. கடன் நெஞ்சை அழுத்தும்போது அம்மூளையிற் பாதி கடனைப்பற்றியே நினைக்கிறது. மிஞ்சிய பாதியைக்கொண்டே அவன் விதை தெரிகிறான், விலை பேசுகிறான், உறுதியிற் கையொப்பம் வைக்கிறான். ஏழை புத்தி குறைந்தவனானபடியால் ஏழையாயிருக்கிறான் என்று பேசுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். ஏழ்மையே புத்தியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது.

இலங்கை உலகுக்குக் கற்பித்த பாடம்

இனி நாம் சொல்லப்போவது பேசுவதற்குக் கடினமானது. ஆயினும் கமக்காரர் கூடிய அவையில் அதைப் பேசாமல் விடுவது குற்றமாகும்.

1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. ஓர் இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 47 பேர் அவ்வாறு மாண்டனர். அவர்களுட் பலர் கிராமத்தவர். பயிருக்கென்று வீட்டில் வைத்திருந்த நஞ்சினால் உயிரிழந்தவர். அவர்களிற் பெருந்தொகையினர் நாட்கணக்காகத் திட்டமிட்டவருமல்லர். ஒரு சச்சரவு, ஓர் அவமானம், ஒரு கடன்காரனின் ஏச்சு. அதன்பின் எழுந்த உணர்ச்சியின் உச்சத்தில், வேறு வழியே இல்லை என்று அந்த வேளையில் தோன்றிய எண்ணம்.

அரசாங்கம் மிகக் கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995இலும் 1998இலும் சிலவற்றையும், 2008ஆம் ஆண்டு தொடங்கி மேலும் சிலவற்றையும் விலக்கியது. 20 ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 1995ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். இத்தடைகளால் விளைச்சல் குறைந்ததாகவும் காணப்படவில்லை.

இதன் பொருள் என்ன? அந்த ஆண்டுகளில் நாட்டில் துன்பம் குறைந்துவிட்டதா? போர் நடந்தது, இடப்பெயர்வு நடந்தது, கடல்கோள் வந்தது, கடன் இருந்தது. துன்பம் அப்படியே இருந்தது. கைக்கெட்டிய இடத்தில் இருந்த கொடிய நஞ்சு மட்டும் இல்லாமற்போனது. அதனால் அவர்களுக்குச் சில மணி நேரம் கிடைத்தது. அந்த நேரத்தினுள் உணர்ச்சியின் வெள்ளம் வடிந்தது. காணாமற்போயிருந்த வழிகள் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. வேறு வழியில்லை என்று உணர்ச்சி சொன்னது பொய் என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமா? உயிரோடிருக்கும் அந்தப் பல்லாயிரம் பேரே சான்று.

எல்லாம் மனமே என்போருக்கு

இவ்வளவும் சொன்னதனால், எல்லாவற்றுக்கும் மனமே காரணம், மனத்தை நேராக்கினால் எல்லாம் நேராகும் என்று நாம் உபதேசிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். மரியந்தால் ஆலையை மூடியது தொழிலாளரின் மனமன்று. உர இறக்குமதியைத் தடுத்ததும் கமக்காரரின் மனமன்று. அறுவடை வேளையில் விலை விழுந்தால் அதற்கு வேண்டியது நியாய விலை, களஞ்சியம், காலத்திற் கிடைக்கும் கடன், பயிர்க் காப்புறுதி ஆகியவையே, தியானமன்று. பசித்தவனிடம் மனவலிமை பேசுவது பாவம்.

தன் கையில் இல்லாததைத் தன் கையில் இருப்பதாக எண்ணுவதும் ஒரு மயக்கமே. அதிர்ஷ்டலாபச் சீட்டின் இலக்கத்தைத் தானே தெரிந்தெடுத்தபடியால் பரிசு விழுமென்று நம்புகிறவனுக்கு இருப்பதும் ஒருவகைத் தன்னம்பிக்கைதான்! நமக்கு வேண்டியது அதுவன்று. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறியும் தெளிவே வேண்டியது. உரோமப் பேரரசில் அடிமையாயிருந்து பின் ஞானாசிரியனாகிய எபிக்டீற்றசு என்பவன் தன் போதனை முழுவதையும் இந்தப் பிரிவின்மீதே கட்டினான்.

நம்மிடத்திலும் அத்தெளிவு புதிதன்று. திருவள்ளுவர் ஊழுக்கு ஓரதிகாரம் வகுத்தார். அத்தோடு நிற்காமல் ஊக்கமுடைமைக்கும் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் இடுக்கணழியாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். வெகுளாமைக்கும் ஒன்று வைத்தார். நாமோ துன்பம் வந்தால் ஊழைப்பற்றிய ஓரதிகாரத்தை மட்டும் நினைவுகூர்ந்து, மற்றவற்றைப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறோம்.

வெளியிலுள்ள அநீதியை எதிர்ப்பதற்கும் உள்ளே தெளிவு வேண்டும். சோர்ந்தவன் மனு எழுதமாட்டான், அஞ்சியவன் கையொப்பமிடமாட்டான், சினங்கொண்டவன் எழுதும் மனுவை எவரும் படிக்கமாட்டார்.

செய்யத்தக்கவை

அப்படியாயின் நாம் செய்யத்தக்கவை எவை? எமக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மீட்க முடியாத எதையும் செய்வதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். நிலம் விற்கும் உறுதி, வழக்குத் தாக்கல், உத்தியோகத்திலிருந்து விலகும் கடிதம், வட்டிக்காரனிடம் வைக்கும் கையொப்பம் ஆகிய எதுவாயினும் ஒரு வாரம் பொறுக்கட்டும். அந்த வாரத்தில் ஒரு காகிதத்தில் மூன்று வழிகளையாவது எழுதுவோம். மூன்றாவது வழி மனத்தில் வரவில்லையாயின், நாம் இன்னும் உணர்ச்சியின் பிடியில் இருக்கிறோம் என்றே கொள்ளவேண்டும். அப்போது சினமில்லாத ஒருவரிடம் அக்காகிதத்தைக் காட்டுவோம்.

இரண்டாவது, நம் கைக்குள் அடங்கிய சிறியதொன்றைச் செய்யத் தொடங்குவோம். 1976ஆம் ஆண்டில் எலன் லாங்கர், யூடித் ரொடின் என்போர் அமெரிக்காவின் முதியோர் இல்லமொன்றிற் செய்த ஆராய்ச்சியொன்று உண்டு. முதியவர்களில் ஒரு சாராரிடம், தம் வாழ்க்கையை ஒழுங்குசெய்வது தம் பொறுப்பே என்று சொல்லி, ஒரு செடியைத் தெரிந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தனர். மறு சாராருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் நீரூற்றுவது தாதியரின் வேலையென்று சொல்லப்பட்டது. மூன்று வாரத்தில் முதலாம் சாரார் கூடிய உற்சாகமும் சுறுசுறுப்பும் காட்டினர். ஒரு செடிக்கு நீரூற்றும் பொறுப்பு இவ்வளவைச் செய்யுமானால், எல்லாம் போயிற்றென்று இருக்கும் கமக்காரன் கிணற்றடியிற் கால் பரப்புக் கீரை போடுவது எவ்வளவைச் செய்யும்! வருமானம் சிறிதாயிருக்கலாம். தன் கை பலன் தரும் என்ற அறிவு சிறிதன்று.

மூன்றாவது, கூடிச் செய்வோம். தனியொருவனுக்கு இல்லாத வழி பத்துப் பேருக்கு உண்டு. மலையாளத்துக்குப் புகையிலை விற்ற யாழ்ப்பாணக் கமக்காரர், சந்தை தளம்பிய காலத்தில், 1930களிலே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தனர். அதே பத்தாண்டில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். இவர்கள் அச்சமற்ற வீரர்களல்லர், நம்மைப்போன்ற மனிதரே. ஒருவன் சோர்ந்த நாளில் மற்றவன் சோராதிருந்தான். முன்னே சொன்ன கயிற்றை மறந்துவிடாதீர்கள். மனிதர் கூட்டத்தில் அந்தக் கயிறு அயலவனின் கை. இங்குள்ள படித்தவர்களுக்கு இதிலே தனிக் கடமை உண்டு. வங்கிக் கடிதத்தை வாசித்து விளக்குவது, விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பது, கந்தோருக்குக் கூடப் போவது ஆகியவை சிறிய உதவிகள்தாம். ஆனால் திறந்திருக்கும் வழியை மற்றொருவன் கண்ணுக்குக் காட்டுவது அவையே.

நான்காவது, நஞ்சைப் பூட்டிவைப்போம். கிருமிநாசினிகள் வீட்டுக்குள் வேண்டாம். பூட்டிய பெட்டியில், திறப்பு ஒருவர் கையில் இருக்கட்டும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் தொழிலும் கெடுமானால், அது மனவுறுதிக் குறைவன்று, நோய். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதுபோலவே அதற்கும் போகவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில், பெயர் சொல்லாமலே பேசலாம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதைப் பகிடியாக எடுக்காமல், அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள். அவருக்கு அப்போது வேண்டியது உபதேசமன்று, நேரமும் துணையும்.

பெரியோர்களே! வரும் போகத்தில் மழை பிழைக்கலாம், விலையும் விழலாம். கந்தோர்கள் காலந்தாழ்த்தலாம். இவற்றைத் தடுப்போம் என்று உங்களுக்கு வாக்களிக்க எம்மால் முடியாது. வாக்களிக்கக்கூடியது ஒன்றே. அந்த நாளில் அச்சமோ சினமோ சோர்வோ வந்து, வேறு வழியில்லை என்று உங்கள் காதிற் சொல்லுமானால், அச்சொல்லை அன்றே நம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, ஒரு காகிதம் எடுத்து, ஓர் அயலவனைக் கூப்பிட்டுப் பாருங்கள். அயலவன் கூப்பிட்டால் நீங்களும் போங்கள். இந்த அவை கலையுமுன் ஒவ்வொருவரும் அவ்வாறு போகவேண்டிய ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு எழுவீர்களாயின், எமது பேச்சு வீண்போகவில்லை.